ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு: வீட்டில் பாடம் சொல்லித்தரும் எங்கள் அனுபவங்கள்

உடுமலைப் பக்கத்திலிருந்து, மூன்று பிள்ளைகளின் அம்மா:

வீட்டிலேயே படிக்க வைக்கிறவர்கள் அவரவர் அனுபவத்தைச் சொல்லலாமே என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

பெரியவளுக்குப் பத்து வயது, பையனுக்கு ஏழு, சின்னவளுக்கு நாலு. வீட்டுக்காரருக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலை. முப்பந்தலில் ஒரு வருஷம், கயத்தாறில் ஏழெட்டு மாதம், இப்போது உடுமலை. மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் பெரியவள் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். மூன்றாவது இடத்தில் சேர்ந்து ஆறு வாரமாகியும் அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று தெரிந்த அன்று ராத்திரிதான், கொஞ்ச காலம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம்.

ஜூன் மாதம் தொடங்கினோம். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை, முக்கால் மணிக்கு ஒரு பாடம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்து வைத்திருந்தேன். முதல் வாரம் மூன்று பேரும் தலைவாரி, பொட்டு வைத்துப் பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரம், தமிழ்ப் புத்தகத்தை எடுத்தாலே பையன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்கு நேரம் ஆகும். அக்கா எட்டிப் பார்த்து அந்தச் சொல்லைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை என்று எனக்குப் புரிவதற்கே ரொம்ப நாள் பிடித்தது.

அப்புறம் எல்லோரையும் போல நானும் ஸ்டார் அட்டை போட்டேன். ஒரு பக்கம் படித்தால் ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு கலர் பென்சில். முதல் வாரம் வீடே படித்தது! அதற்கடுத்த வாரம் பையன் பக்கம் குறைந்த புத்தகமாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தான். ஒரு மத்தியானம் பெரியவள் ஒரு மயில் படம் வரைந்து கொண்டுவந்தாள். அவள் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தானாக வரைகிறவள். படத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "இதுக்கு எத்தனை ஸ்டார்ம்மா?" என்று கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்றைக்கே அட்டையைக் கழற்றி எடுத்துவிட்டேன்.

பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, 1973-லேயே அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். படம் வரையப் பிடித்த மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். ஓரிரு வாரம் கழித்து எந்தப் பரிசும் இல்லாமல் விட்டபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்களாம். என் மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் திருப்பம் பால் கணக்கில் வந்தது. தினமும் ஒன்றரை லிட்டர், லிட்டர் ஐம்பது ரூபாய். அந்தக் கணக்கைப் பையனிடம் ஒப்படைத்தேன். ஒன்றரை என்பதை எப்படி எழுதுவது என்று அவனுக்குத் தெரியாது. மாதக் காலண்டர் கட்டத்தில் அரை லிட்டருக்கு ஒரு கோடு என்று நாளுக்கு மூன்று கோடு போட்டான். இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தோம், அந்தக் கட்டங்கள் காலி. மாசக் கடைசியில் தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு கோடுகளை நாலு நாலாக வட்டம் போட்டான். நாலு அரை லிட்டர் நூறு ரூபாய் என்று அவனாகவே கண்டுபிடித்திருந்தான். எண்பத்து நாலு கோடு, இருபத்தொரு வட்டம், 2,100 ரூபாய். பால்கார அண்ணன் 2,250 என்று எழுதி வந்திருந்தார். பையன் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டான். அவர் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "தம்பி சொல்றது சரிதான், ரெண்டு நாள் விட்டுப்போச்சு" என்று அடித்துத் திருத்தினார். அன்று சாயங்காலம் அவனாக வந்து, "அரையை நம்பர்ல எப்படிம்மா எழுதுறது?" என்று கேட்டான். பாடநூலில் அது வர இன்னும் எவ்வளவோ இருந்தது. நான் சொல்லிக் கொடுத்தேன்.

வாசிப்பும் அப்படித்தான் சரியானது. என்னிடம் படித்துக் காட்டமாட்டான். ஆனால் ராத்திரி சின்னவள் கதை கேட்டு நச்சரிக்கும்போது, நான் சமையல்கட்டில் வேலையாக இருந்தால் அவன் படிப்பான். அவளுக்கான படப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு வரி. அவன் வயதுக்கு அது சின்னப் புத்தகம் என்று யாரும் சொல்ல முடியாது, தங்கைக்காகத்தானே படிக்கிறான்! அவன் தடுமாறினால் அவளுக்குத் தெரியாது, காத்திருப்பாள். நாலு மாதத்தில் கட்டிலுக்கு அடியில் போவது நின்றது.

இதைப் பார்த்த தைரியத்தில் பெரியவளிடம் தம்பிக்குக் கணக்கு சொல்லித்தரச் சொன்னேன். அங்கே தப்பு செய்துவிட்டேன். பத்து நாள் பொறுத்துவிட்டு, "நான் எப்போம்மா படிக்கிறது?" என்று அழுதுவிட்டாள். அவள் கேட்டது நியாயம். இப்போது சொல்லித்தருவது இருபது நிமிஷத்துக்கு மேல் கிடையாது, அதுவும் அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். அதற்குப் பதிலாகச் சின்னவள் தூங்கும் மத்தியான நேரத்தில், பையனைத் தாயக்கட்டையோடு தாத்தாவிடம் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் நான் அவளோடு மட்டும் உட்காருகிறேன். மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அம்மா தனக்கே தனக்காகக் கிடைப்பது அபூர்வம். அந்த ஒரு மணிக்காகவே காலையில் எழுந்ததும் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுகிறாள்.

இன்னும் எனக்குப் பிடிபடாதது சின்னவள்தான். மற்ற இருவருக்கும் பாடம் நடக்கும்போது அவளை என்ன செய்வது? யாராவது சொல்லுங்கள்.

கொல்லிமலையில் வேலை பார்த்த, ஓய்வுபெற்ற ஆசிரியை:

உங்கள் வீட்டுக் கூடம் எங்கள் ஈராசிரியர் பள்ளிக்கூடம் மாதிரியே இருக்கிறதம்மா. ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் நான் ஒருத்திதான்.

2007-08-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. அதற்கு முன்பு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-லேயே தொடங்கியிருந்தார்கள். சுவரில் ஏணிப்படி அட்டை, தட்டுகளில் பாட அட்டைகள். பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்து வந்து, அதற்குரிய குழுவில் உட்காரும். சில அட்டைக்கு டீச்சர் துணை வேண்டும், சிலதற்குக் கூடப் படிக்கிற பிள்ளை போதும், சிலது தானே செய்வது. எழுத்து வேலை எங்களுக்கு அதிகம், குறைகளும் இருந்தன. ஆனால் அடுத்த படி எது என்று தன் கண்ணால் பார்க்கிற பிள்ளையை யாரும் விரட்ட வேண்டியதில்லை. அதை நான் வருஷக்கணக்கில் பார்த்தேன்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை வழக்கம்தான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தபோது, இங்கத்திப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பெரிய பையன்களை வைத்தே சின்னவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1797-ல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதினார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர்.

சின்னவளைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் பதினைந்து நிமிஷத்தை அவளுக்குக் கொடுங்கள், பெரியவர்களுக்கு அப்புறம். வயிறு நிறைந்த குழந்தை மாதிரி தானே விளையாடப் போய்விடும். கையில் எப்போதும் ஏதாவது இருக்கட்டும்: புளியங்கொட்டை, சோழி, பல்லாங்குழி. ஒரு குழிக்கு ஐந்து என்று போட்டு வைக்கச் சொன்னால் பதினாலு குழிக்கும் அவளே எண்ணிவிடுவாள். இன்னொன்று, எங்கள் பள்ளியில் சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகளின் கை எட்டுகிற உயரத்தில் கரும்பலகை இருக்கும், ஆளுக்கு ஒரு கட்டம். அதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

விழுப்புரத்திலிருந்து, இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பா:

அக்கா, சின்ன வயதில் ஆர்வம் ஒரு மாதிரி என்றால் பதிமூன்று வயதில் அது வேறு மாதிரி. என் மூத்த மகளுக்கு அப்போது ஒரே கேள்விதான்: "எனக்கு சர்டிபிகேட் கிடைக்குமாப்பா?" ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் அவள் காதுபட, "பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை நாளைக்கு யார் வேலைக்கு எடுப்பா" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. அடித்தாலும் கெஞ்சினாலும் இதெல்லாம் சரியாகாது என்று உட்கார்ந்து விவரம் தேடினோம்.

வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுத வழிசெய்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பதினாலு வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தேர்ச்சிக்கு மொழிப் பாடம் உட்பட ஐந்து பாடம். வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. இந்தக் கடைசி விவரம்தான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. ஓவியமும் அங்கே ஒரு பாடம் என்று தெரிந்ததும் அவளே முதலில் எதை எழுதுவது என்று வரிசை போட்டாள். தமிழும் ஓவியமும் முதல் தடவை, கணக்கு கடைசி. நான் தலையிடவில்லை. வரிசை அவளுடையது என்பதால் தேதியும் அவளே பார்த்துக்கொண்டாள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தபோது, ஆறு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் படிப்பது சரியா என்று எங்களைப் போன்றவர்களுக்குப் பயம் இருந்தது. அந்தச் சட்டத்தில் வீட்டுக்கல்வி என்று தனியாக எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும், பிள்ளை என்ன படிக்கிறது என்பதற்கு ஒரு நோட்டு, தேதி போட்ட வேலைகள் எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது பள்ளியில் சேர்க்க வேண்டி வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

உடுமலைப் பக்கத்திலிருந்து, மறுபடியும்:

டீச்சரம்மா, ஞாயிற்றுக்கிழமை இவர் கூடத்துச் சுவரில் இரண்டடி உயரத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார். வாடகை வீடு, வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அடித்தோம். மூன்று கட்டம். காலையில் முதல் பதினைந்து நிமிஷம் சின்னவளோடு தரையில் உட்கார்ந்தேன். அப்புறம் பெரியவளோடு ஒரு பின்னக் கணக்கை முழுசாக முடிக்க முடிந்தது, யாரும் என் முந்தானையை இழுக்கவில்லை.

தம்பி, அந்த நோட்டு யோசனைக்கு நன்றி. பால் கணக்குக் காலண்டரைக் கிழிக்காமல் மடித்து வைத்திருக்கிறேன், முதலில் அதைத்தான் ஒட்டப் போகிறேன்.