பச்சைத் தோலுக்குள் ஆரஞ்சுச் சுளை

கவிதா (காலை 7:40): எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவின் ஈப்போ நகரில் நாங்கள் புதிதாகக் குடிவந்திருக்கும் வீட்டின் கொல்லையில் ஆள் உயர மரம் ஒன்று கொத்துக்கொத்தாகக் காய்த்து நிற்கிறது. காய் பெரிய கோலிக்குண்டு அளவுதான், தோல் நல்ல பச்சை. எலுமிச்சை என்று நினைத்து ரசத்துக்கு நறுக்கினால், உள்ளே சுளை கமலா ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. புளிப்போ கண்ணைச் சுருக்க வைக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன பழம்?

பெரியப்பா (7:52): கமலா ஆரஞ்சின் பிஞ்சு போலத் தெரிகிறது அம்மா. பழுக்க விட்டால் இனித்துவிடும். நாரத்தையாக இருக்க முடியாது, அதன் தோல் இவ்வளவு மெல்லியதாக இராது.

கவிதா (8:05): பழுத்ததும் இருக்கிறது பெரியப்பா. மரத்தடியில் கிடந்த, முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிட்ட ஒன்றை எடுத்து உரித்தேன். தோல் கமலா போலவே கழன்று வந்தது, ஆனால் சாறு அதே புளிப்பு. வேடிக்கை என்னவென்றால், தோலை மென்றால் லேசாக இனிக்கிறது.

கிள்ளான் அத்தை (8:31): கவிதா, அது லீமாவ் கஸ்தூரி. மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் தட்டின் ஓரத்தில் பாதியாக வெட்டி வைப்பார்களே, அதேதான். பிலிப்பைன்ஸ்காரர்கள் கலமான்சி என்பார்கள். கமலா இனமும், தோலோடு தின்னும் கும்குவாட் என்ற குட்டிப் பழமும் கலந்து பிறந்தது என்பதால், அண்ணன் சொன்னதிலும் பாதி சரி: எளிதாக உரியும் குணம் கமலாவின் வழி, தோலின் இனிப்பு கும்குவாட்டின் வழி. இன்னும் சந்தேகம் என்றால் ஒரு விதையை நகத்தால் கீறிப் பார். எலுமிச்சை விதை உள்ளே வெள்ளையாக இருக்கும், இது பச்சையாக இருக்கும்.

கவிதா (8:38): கீறிப் பார்த்துவிட்டேன் அத்தை, பிஸ்தாப் பருப்பு போலப் பச்சை!

அம்மா (8:44): ஊறுகாய்க்கு ஆகுமா?

கிள்ளான் அத்தை (8:50): தாராளமாக ஆகும் அண்ணி. காய் பச்சையாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். கையால் இழுத்தால் காம்போடு தோலும் கிழிந்து சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். விதையை ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கசந்துவிடும். நாங்கள் சாறு பிழிந்து, சர்க்கரையும் அசாம் போய் எனப்படும் உப்புப் போட்டு உலர்த்திய பிளமும் சேர்த்து, ஐஸ் போட்டுக் குடிப்போம்.

பெரியப்பா (9:02): நல்ல வேளை, பிஞ்சு என்று சொல்லி உன்னைப் பழுக்கும்வரை காக்க வைக்கப் பார்த்தேன்.

கவிதா (9:06): மாலையில் ஒரு கூடை பறித்து, பாதியை உப்பிலும் பாதியைச் சாறாகவும் போடப்போகிறேன். உங்களுக்குப் படம் மட்டும் வரும் பெரியப்பா.