விறைத்துக் கிடந்த வாத்துக்குஞ்சு: முதல் சில மணி நேரம்

எட்டு நாள் குஞ்சு. காலையில் பெட்டியைத் திறந்ததும் மற்ற நான்கும் கத்திக்கொண்டு ஓடி வந்தன. இது மட்டும் மூலையில் ஒருக்களித்துக் கிடந்தது. இரவில் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்து, ஏற முடியாமல் தவித்து, எப்படியோ வெளியே வந்திருக்கிறது. வாத்துக்குத் தண்ணீரால் என்ன கேடு வந்துவிடும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். தாயோடு இருக்கும் குஞ்சு நனைந்தால் அதன் அடியில் புகுந்து சூடேறிக்கொள்ளும். பெட்டியில் வளர்வதற்கு அந்த வழி இல்லை.

கையில் எடுத்தேன். கால் இரண்டும் சில்லென்று இருந்தன, கழுத்து நிற்கவில்லை.

இதற்கு முன்பு இப்படிக் கிடந்த ஒரு குஞ்சை நானேதான் கொன்றேன். சோர்ந்து கிடக்கிறதே என்று அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினேன். மூச்சுக்குழாயின் வாய் நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. விழுங்கத் தெம்பில்லாத குஞ்சுக்கு ஊற்றுவது நேரே நுரையீரலுக்குத்தான் போகும். களக் களக்கென்று இரண்டு மூச்சு, அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை வாய்க்கு எதுவும் இல்லை, முதலில் சூடு மட்டும். துண்டால் ஒற்றித் துடைத்தேன். பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி, சின்னப் பெட்டியில் அதன் பக்கத்தில் வைத்தேன். மேலே ஒரு பல்பு. முதல் வாரக் குஞ்சுக்கு 32, 33 டிகிரி செல்சியஸ் வேண்டும். தெர்மாமீட்டரைக் குஞ்சு படுத்திருக்கும் மட்டத்திலேயே வைத்துப் பார்த்தேன். நகர முடியாத குஞ்சு சூடு அதிகமானாலும் விலகிப் போகாது, ஆகவே பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. வாயைத் திறந்து இரைத்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கியது. அப்புறம்தான் ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கலந்து, விரல் நுனியில் தொட்டு அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு. அது விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. பொறுமை போய்விடும், சிரிஞ்சை எடுக்கக் கை பரபரக்கும். எடுக்காதீர்கள். சாயங்காலம் தீவனத்தைக் கூழாக ஊற வைத்து முன்னால் வைத்தேன், தானாகவே கொத்தியது.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். மூச்சில் கரகரப்பு இருக்கிறதா என்று சில நாள் கவனிக்கச் சொன்னார், தினமும் எடை போடவும் சொன்னார். சமையலறைத் தராசில் முதல் நாள் 92 கிராம், மறுநாள் 89, மூன்றாம் நாள் 97. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

*

இதைப் படித்த இன்னொருவர் எழுதியது: எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. மூன்று வாரக் குஞ்சு நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் நிற்க முடியவில்லை. கணுக்கால் மூட்டு வீங்கி, அதன் மேலேயே உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தது. அடிபட்டிருக்கும் என்று ஒரு வாரத்தை வீணாக்கினேன். உண்மையில் குற்றம் கோழிக்குஞ்சுத் தீவனத்தில். வாத்துக்குஞ்சுக்கு நியாசின், அதாவது வைட்டமின் பி3, கிலோ தீவனத்துக்கு 55 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும். கோழிக்குஞ்சுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஒரு கப் தீவனத்துக்கு ஒன்றரை மேசைக்கரண்டி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுக்க ஆரம்பித்தேன் (பீர் தயாரிப்பில் கிடைக்கும், உயிரற்ற ஈஸ்ட் தூள்; மாவு பொங்க வைக்கும் ஈஸ்ட் இல்லை, அதைப் போட்டுவிடாதீர்கள்). வழுக்கும் செய்தித்தாளை எடுத்துவிட்டுத் துண்டு விரித்தேன். சில நாளில் எழுந்து நின்றது. ஒரு கால் மட்டும் கொஞ்சம் வளைந்தபடியே நின்றுவிட்டது. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

*

வேறொருவர் எழுதியது: ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரே நாளில் இரண்டு மூன்று குஞ்சுகள் படுத்து, தலை பின்னால் இழுத்துக்கொண்டு கால் உதைத்தால் பல்பும் சர்க்கரைத் தண்ணீரும் உதவாது. வாத்துக் கல்லீரல் அழற்சி வைரஸ் அப்படித்தான் சின்னக் குஞ்சுகளை அடிக்கும். படுத்ததைத் தனியே வையுங்கள், இறந்ததைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எனக்கு அப்படிக் கொண்டுபோனதால்தான் காரணம் தெரிந்தது. பூசணம் பிடித்த தீவனமும் வாத்துக்குஞ்சுகளைக் கொத்தாகக் கொல்லும், மூட்டையை முகர்ந்து பாருங்கள். மனிதருக்கும் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

*

முதலில் எழுதிய நான்தான். கிண்ணத்தில் விழுந்த அந்தக் குஞ்சை மறுபடி எப்போது தண்ணீரில் விட்டீர்கள் என்று கேட்டவருக்கு: பத்து நாள் கழித்து, வெதுவெதுப்பான தண்ணீர், கால் தரையில் எட்டும் ஆழம், ஐந்து நிமிடம், பக்கத்தில் துண்டோடு நான். குடிக்கும் கிண்ணத்தில் இப்போது கூழாங்கல் நிரப்பியிருக்கிறேன். மூக்குத் துளையை முக்கிக் கழுவிக்கொள்ளலாம், விழ முடியாது. அது என்னவோ கல்லை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போடப் பார்க்கிறது.