51 சதவீதத் தாக்குதல்: லாபக் கணக்கு எப்படிப் போடுவது?

வணக்கம் நண்பர்களே. கல்லூரிக் கருத்தரங்குக்காக எத்தீரியம் கிளாசிக் என்ற கிரிப்டோ காயின் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன், ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

2020 ஆகஸ்டில் மட்டும் அந்தக் காயினின் சங்கிலி (பிளாக்செயின், அதாவது பரிவர்த்தனைப் பதிவேடு) மூன்று முறை 51 சதவீதத் தாக்குதலுக்கு ஆளானது; அதாவது, மைனிங் (புது பிளாக்குகளைச் சேர்க்கும் வேலை) திறனில் பாதிக்கு மேல் ஒருவர் கையில் வந்து, பதிவான பரிவர்த்தனைகளை மாற்றிவிடுவது. கடைசித் தாக்குதலில் 7,000க்கும் மேற்பட்ட பிளாக்குகள் (பரிவர்த்தனைத் தொகுப்புகள்) மாற்றி எழுதப்பட்டன. அப்போது எத்தீரியமும் கிட்டத்தட்ட அதே மைனிங் முறையில் ஓடியதால், பெரிய சங்கிலிக்கான ஹேஷ்ரேட்டை (மைனிங் கணினித் திறனை) மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துச் சின்னதை மடக்க முடிந்தது. இதுவரை சரி.

என் குழப்பம் சந்தைப் பக்கம்தான். வாடகைச் செலவு தெரிகிறது; வரவு? எக்ஸ்சேஞ்சில் (காயின் வாங்கி விற்கும் தளத்தில்) காயினைப் போட்டு, விற்று, வேறு காயினாக வெளியே எடுத்த பிறகுதான் பழைய பரிவர்த்தனையை அழிக்க முடியும். ஆர்டர் புக் (வாங்க, விற்கக் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) மெலிதாக இருந்தால் விற்கும்போதே விலை சரிந்துவிடுமே! முன்பே ஷார்ட் (விலை இறங்கினால் லாபம் தரும் நிலை) எடுத்து வைத்தால் அந்தச் சரிவே லாபமாகாதா?

எக்ஸ்சேஞ்சில் ரிஸ்க் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டெபாசிட்டுக்கு எத்தனை கன்ஃபர்மேஷன் (பரிவர்த்தனைக்கு மேல் சேர்ந்த பிளாக்குகள்) வேண்டும் என்பதை, வாடகைச் செலவை வைத்து முடிவு செய்வீர்களா, அனுபவ ஊகமா? பழைய ஆர்டர் புக் தரவு இலவசமாகக் கிடைக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். எந்தக் காயின் வாங்கலாம் என்ற ஆலோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.