கிழமைக் கடன் கட்டப் போன இடத்தில்

கல்லாற்றுக்காரி:
மனிசனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் எனக்குத் துணைக்கு வந்தது யார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். லோன் குழு. குழுக் கடன் எப்படி என்று நம் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அதுவரை லோன் பொடியன் எல்லோரையும் விறாந்தையில் இருத்தி வைப்பான். அப்படி இருந்த ஒரு பகலில் குழுத் தலைவி மாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே என் கன்னத்தைப் பார்த்தார். "கதவில இடிச்ச முகம் இப்பிடி வீங்காது கா" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்தில் இருந்தவள் தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள், மறுகா இன்னொருத்தி. கடன் கட்டுகிற இடத்தில் அவ்வளவு நாளும் வட்டியைத் தவிர வேறெதுவும் பேசாத ஆட்கள்தான் எல்லோரும்!

என் வீட்டில் பிரச்சினை வீட்டு உறுதி, அதாவது பத்திரம். ஈடு வைத்துக் காசு எடுக்க வேண்டும், உறுதியைத் தா என்றுதான் மனிசன் அடிப்பது. சண்டை வந்தால் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவதெல்லாம் படத்தில் பார்த்ததுதான். நம் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பது, அம்மாவும் அப்பாவும் அதே வளவுக்குள் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். நான் எங்கே போக? ஆனாலும் போகத்தான் நினைத்தேன். மாமிதான் மறித்தார். "வீடு உன்ட பேரில. நீ ஏன் புள்ள வெளிக்கிடுறாய்?"

பொலிஸில் முதலில் வழக்கமான பாட்டுத்தான், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சமாதானமாகப் போங்கள் என்று. குழுவில் ஒருத்தி பெண்கள் அமைப்பின் வகுப்புக்குப் போனவள், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று இலக்கத்தோடு சொன்னாள், அதன் பிறகு அங்கே பேச்சின் தொனியே மாறியது. நீதிவான் நீதிமன்றத்தில் கேட்டால் விசாரணை முடியும்வரை இடைக்காலக் கட்டளை தரலாம், பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை, வீட்டுக்குள் வரக்கூடாது என்றுகூடத் தடுக்கலாம், அடிதான் என்றில்லை, மன உளைச்சல் கொடுப்பதும் அதில் அடங்கும். வழக்குத் தவணைக்குத் தவணை யாராவது ஒருத்தி என்னோடு பஸ் ஏறினாள், இன்னொருத்தி பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்தாள், அந்தக் கிழமைக் கட்டுக்காசையும் அவர்களே போட்டார்கள். மனிசன் இப்போது தன் அக்கா வீட்டில். தாபரிப்பு (பராமரிப்புச் செலவு) வழக்கு இழுபடுகிறது.

லோனைப் புகழ்கிறேன் என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அந்த வட்டியால் வந்ததுதான்.

காத்தான்குடி ராத்தா:
எங்களுக்குப் பாதை வேறு. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், அந்த வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றம். என் வழக்கு நடந்தபோது காதியாராக, அதாவது அங்கே நீதிபதியாக, பெண் இருக்க முடியாது, சட்டத்தரணியும் வந்து பேச முடியாது, முழுக்க ஆண்கள் இருக்கிற இடத்தில் என் மனிசன் செய்ததை நானே என் வாயால் சொல்ல வேண்டும். பஸஹ் (கணவனின் குற்றத்தைக் காட்டி மனைவி கேட்கும் விவாகரத்து) கேட்பவள்தான் நிரூபிக்கவும் வேண்டும். முந்தின இரவு மச்சாள் (அவருடைய சொந்தத் தங்கைதான், நம்புங்கள்) என்னைக் குசினியில் இருத்தி, காதியார் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் அழ அழ விடவில்லை. "அழுதா திகதி மறந்துபோகும், திகதியச் சொல்லு" என்றாள். கொப்பியில் எழுதித் தந்ததும் அவள்தான். அவர்கள் குடும்பத்தில் அவளோடு இன்னமும் பேச்சில்லை.

செங்கலடி:
நீங்கள் இருவரும் கொடுத்து வைத்தவர்கள். என் கடப்படிக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கதை பிடுங்க வந்தவர்கள், காலையில் என்னிடம் அழுதுவிட்டுப் பின்னேரம் மாமியார் வீட்டில் தேத்தண்ணீர் குடித்தார்கள். ஒரே ஒருத்தி, கூடப் படித்தவள், எதுவும் கேட்கவில்லை. தினமும் பள்ளி விட்டதும் என் மகளையும் தன் மகளோடு ரியூசனுக்கு ஏற்றிக்கொண்டு போனாள், அவ்வளவுதான். அந்த இரண்டு மணித்தியாலம் கிடைத்ததால்தான் எனக்குக் கந்தோர், கோடு (அலுவலகம், நீதிமன்றம்) என்று அலைய முடிந்தது.

கல்லாற்றுக்காரியிடம் ஒன்று கேட்க வேண்டும். என் வீட்டு உறுதியை என் மனிசன் ஏற்கெனவே எடுத்து ஒளித்துவிட்டார். இனி என்ன செய்வது?

கல்லாற்றுக்காரி:
பயப்படாதீங்க கா. உறுதி எழுதினபோதே பதிந்திருப்பார்கள், காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கமும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் சுகம், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், சீதனம் எழுதிய நாள் அவருக்கு மறந்திருக்காது. ராவில் அடி விழுந்தால் 1938க்கு எடுங்கள், பெண்களுக்கான இலக்கம். பதிவகத்துக்குத் தனியாகப் போக வேண்டாம், எந்த நாள் என்று சொல்லுங்கள், எனக்கும் மட்டக்களப்பில் தவணை இருக்கிறது.