கிரஷர் தூசும் செத்தவீடும்: கணக்கெடுக்க வழி இருக்கோ?

நெடுங்கேணியான்:
கல்குவாரி எங்கட வீட்டிலயிருந்து கூப்பிடு தூரம். வெடி வைச்சா கோடிப்பக்கச் சுவர் அதிரும். கொடியில காஞ்ச உடுப்பை உதறினா வெள்ளைத் தூள் கொட்டும். முருங்கையிலை வறைக்கு அம்மம்மா மூண்டு தண்ணியில கழுவுறா. இப்ப ஒழுங்கைக்குள்ள செத்தவீடும் கூட. சனம் தூசு எண்டுது, முதலாளியின்ர ஆக்கள் "வயசு போனதுகள்தானே" எண்டினம். அமெரிக்காவில நிலக்கரி கிண்டுற இடங்களுக்குக் கிட்ட சாவு கூட எண்டு வாசிச்சன். அதை எப்பிடிப் பிடிச்சவங்கள்?

வவுனியாக்காரி:
தம்பி, அது மேற்கு வேர்ஜினியாவும் அதைச் சுத்தின அப்பலேச்சியா மலைப்பகுதியும். மைக்கேல் ஹென்றிக்ஸ் எண்டவரும் கூட்டாளிகளும் 2008, 2009 இல எழுதினவை. கரி கிண்டுற மாவட்டத்தையும் கிண்டாததையும் பக்கத்தில வைச்சு, வயசு, புகைத்தல், வறுமை எல்லாம் சரிக்கட்டிப் பாத்தும், கூடக் கிண்டின இடங்களில சாவு கூடத்தான் நிண்டது. இருதயம், சுவாசப்பை, சிறுநீரகம். (சிறுநீரக வருத்தம் எங்கட வவுனியாவுக்கும் புதுசில்லை.) சுரங்கத்துக்க இறங்கிறது அனேகமா ஆம்பிளையள், ஆனா பொம்பிளையளின்ர சாவும் கூடியிருந்தது. எனக்கு அதுதான் பெரிய விசயம். வறுமையை முழுசாக் கழிக்கேலாது எண்டு மறுத்த ஆக்களும் இருக்கினம். மலையுச்சியை உடைச்சுக் கரி எடுக்கிறதைப் பற்றி நடந்த இன்னொரு ஆய்வை 2017 இல அரசாங்கமே இடையில நிப்பாட்டிப்போட்டுது.

பழைய டிப்பர்:
எங்கட பொம்பிளையள் விறகடுப்பு ஊதுறவை அக்கா. அந்தப் புகையை எதில கழிக்கிறது?

வவுனியாக்காரி:
நல்ல கேள்வி. அதுக்கு விறகடுப்பு இருக்கிற, குவாரி இல்லாத ஊர்கள் கொஞ்சம் வேணும். ஒரு ஒழுங்கையின்ர செத்தவீட்டை எண்ணி ஒண்டும் சொல்லேலாது. முந்தியையும் இப்பவையும் ஒப்பிடவும் வழியில்லை. 2009 இல முழுச்சனமும் இடம்பெயர்ந்து முகாமில கிடந்து திரும்பினது, பழைய பதிவை எங்க தேடுறது? சாவை விடுங்கோ, உயிரோட இருக்கிறவையைப் பாருங்கோ. கருங்கல்லில சிலிக்கா இருக்கு. அந்தத் தூசு சுவாசப்பையைத் தழும்பாக்கும், காசநோயும் லேசாப் பிடிக்கும். முதல்ல துளை போடுற பெடியளுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கோ.

நெடுங்கேணியான்:
மச்சான் துளை மிசினிலதான் நிக்கிறான். எக்ஸ்ரேக்குப் போனா அண்டைச் சம்பளம் போயிடும் எண்டு பின்னடிக்கிறான். தண்ணி விட்டுத் துளைச்சா தூசு அடங்கும் எண்டு அவனுக்கும் தெரியும். ஆனா வாற தண்ணிப் பவுசர் முதலாளியின்ர தென்னங்கண்டுக்கெல்லோ போகுது.