வார்டில் மூச்சு முட்டுகிறது, அட்வான்ஸ்டு நர்சிங் படிக்கப் போய்விடலாமா? (இங்கிலாந்து)

நெல்லை_நர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். சென்னையில் ஐசியூவில் இருந்தவள், இங்கே மெடிக்கல் வார்டில் போட்டிருக்கிறார்கள். ஐவி போட, ரத்தம் எடுக்கக்கூடத் தனித்தனியாகப் பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கணுமாம். ஒரு சீனியர் நர்ஸ், ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் எல்லார் முன்னாலும் என் உச்சரிப்பைத் திருத்துகிறார். நேற்று நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வந்தேன். எம்எஸ்சி அட்வான்ஸ்டு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் டெபாசிட் கட்டணும். கட்டிவிடலாமா?

லெஸ்டர்_அக்கா:
தங்கச்சி, முதலில் தூங்கி எழுந்திரும்மா. நான் வந்தது 2019 கடைசியில். இங்கே நர்ஸாகப் பதிவாக வேண்டிய ஓஸ்கி செய்முறைத் தேர்வு முடித்த கையோடு கோவிட். ஹீட்டர் சரியாக வேலை செய்யாத ஒற்றை அறை, பிள்ளை ஊரில் அம்மாவிடம். போனில் அவன் முகத்தைப் பார்த்தாலே டியூட்டிக்குப் போக மனசு வராது. அதையே தாண்டியாச்சு. ஐஎல்ஆர் (இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கும் வரை எதையும் தொடாதே.

டப்ளின்_திருச்சி:
அயர்லாந்துக்கு வந்துவிடுங்கள் சிஸ்டர். இங்கே அட்வான்ஸ்டு நர்ஸ் பிராக்டிஷனர் என்றால், நர்ஸுகளைப் பதிவு செய்யும் வாரியமான என்எம்பிஐ-யில் அதற்கென்று தனிப் பதிவே உண்டு. இங்கிலாந்தில் அதே வேலையைச் செய்யும் என்எம்சி-யின் பதிவேட்டில் அப்படி ஒரு பிரிவே இல்லை.

கோவை_மேன்செஸ்டர்:
ஐஎல்ஆர் வரைக்கும் காத்திருக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 2025-26 அரசு ஆஸ்பத்திரிச் சம்பளப் பட்டியலில், ஸ்டாஃப் நர்ஸுக்கான பேண்ட் 5 நிலைக்கு வருடத் தொடக்கச் சம்பளம் 31,049 பவுண்டு, அட்வான்ஸ்டு வேலைக்கு வழக்கமான 8ஏ நிலைக்கு 55,690. படிக்கிற சூடு இருக்கும்போதே படிக்கணும். கட்டிவிடுங்கள்.

லெஸ்டர்_அக்கா:
தம்பி, விசா நம் கையில் இல்லை, ஸ்பான்சர் செய்யும் ஆஸ்பத்திரி கையில் இருக்கிறது. கட்டு என்று சொல்வது சுலபம்.

குரோய்டன்_ராணி:
படித்து என்ன? புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நாம்தான் வார்டைக் கற்றுக்கொடுக்கிறோம், பேண்ட் 6 அவர்களுக்குப் போகிறது. ரோட்டாவில் கிறிஸ்துமஸ் நமக்கு, பொங்கலுக்கு லீவு கேட்டால் ஆள் இல்லை.

கோவை_மேன்செஸ்டர்:
வாடகையையும் கார் இன்சூரன்ஸையும் விட்டுவிட்டீர்களே அக்கா. போன மாதம் இன்சூரன்ஸ் புதுப்பித்ததில் ஓவர்டைம் பணம் முழுக்கப் போச்சு.

ஷெஃபீல்டு_ஏசிபி:
நான் எமர்ஜென்சியில் ஏசிபியாக, அதாவது அட்வான்ஸ்டு கிளினிக்கல் பிராக்டிஷனராக இருக்கிறேன். இந்தத் தங்கைக்கு வெள்ளிக்கிழமை கெடு இருக்கிறது, பேச்சை அங்கே கொண்டுவருவோம். மூன்று விஷயம் தெரியணும்மா. வந்து எவ்வளவு காலம்? வேலை ஒப்பந்தத்தில் இடையில் போனால் பணம் திருப்பிக் கட்டும் ஷரத்து இருக்கிறதா? அந்தப் படிப்பில் நோயாளியைப் பரிசோதிக்கும் பயிற்சி, மருந்து எழுதும் பயிற்சி எல்லாம் உண்டா, வகுப்பும் கட்டுரையும் மட்டுமா?

நெல்லை_நர்ஸ்:
போன வருடம்தான் அக்கா வந்தேன். பேண்ட் 5. ஷரத்து இருக்கிறது. கோர்ஸ் முழுக்க வகுப்புதான், ஆஸ்பத்திரிப் பயிற்சி இல்லை. முழுநேரம், வெளிநாட்டு மாணவர் கட்டணம்.

ஷெஃபீல்டு_ஏசிபி:
அப்படியானால் கட்டாதே. முழுநேரப் படிப்பு என்றால் வேலையை விடணும், ஸ்பான்சர்ஷிப் போய்விடும், ஷரத்தும் மேலே வந்து விழும். அத்தனையும் போய்க் கையில் கிடைப்பது ஏசிபி ஆகவும் உதவாது. ஏசிபி என்பது வேலையோடு சேர்ந்த பயிற்சி. ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்ட், டிரெய்னி ஏசிபி இடம் அறிவிக்கும், அதற்கு இன்டர்வியூ. கிடைத்தால் சம்பளம் வாங்கிக்கொண்டே பெரும்பாலும் மூன்று வருடம் படிப்பும் வார்டும். சிகிச்சை, தலைமைப் பொறுப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி என்று நான்கு தூண்களிலும் நீ செய்த வேலைக்குச் சான்று கேட்பார்கள். மருந்து எழுதும் வி300 படிப்புக்கு, பதிவாகி ஒரு வருடமாவது ஆகியிருக்கணும். பெரும்பாலும் மேலாளர் சம்மதமும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லணும். உனக்கு இப்போது தாங்கமுடியாமல் இருப்பது அந்த வார்டு. ஐசியூ தெரிந்தவளை மெடிக்கல் வார்டில் உட்கார வைத்தால் யாருக்கும் வெறுத்துப்போகும். அந்த வெறுப்பில் ஏசிபியை முடிவு செய்யாதே. அது முழுப்பொறுப்பு எடுக்கிற வேலை, நீயே நோயாளியைப் பார்த்து நீயே முடிவெடுக்கணும். அது பிடித்தால் தாராளமாக வா. உன்னைப் போல ஐசியூ பார்த்தவர்கள் எங்களுக்கு வேண்டும்.

இப்போதைக்கு அதே டிரஸ்டில் கிரிட்டிக்கல் கேருக்கு இன்டர்னல் டிரான்ஸ்ஃபர் கேள். அதே முதலாளி, விசாவில் உள்ள அதே தொழில் குறியீடு என்றால் புது விசா தேவையில்லை. பிற்காலத்தில் நர்ஸ் பிராக்டிஷனராகப் போனால் குறியீடு வேறு, அப்போது எச்ஆரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். கையெழுத்து வாங்கும் பயிற்சிகளை விடாமல் முடி, டிரான்ஸ்ஃபருக்கு அதுதான் கை கொடுக்கும்.

குரோய்டன்_ராணி:
அந்த சீனியரை மட்டும் சும்மா விடாதேம்மா. தேதி, நேரம், என்ன சொன்னார், யார் இருந்தார்கள் என்று எழுதி வை. ஆர்சிஎன் அல்லது யூனிசன் யூனியனில் இன்னும் சேரவில்லை என்றால் இன்றைக்கே சேர். டிரஸ்டில் ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன் என்று ஒருவர் இருப்பார், மேலாளரிடம் பேச முடியாததை அவரிடம் பேசலாம்.

நெல்லை_நர்ஸ்:
டெபாசிட் கட்டப்போவதில்லை அக்கா. ஷரத்துத் தொகை வருடாவருடம் குறையுமா?

ஷெஃபீல்டு_ஏசிபி:
குறையணும். தொகை நியாயமாகவும் காலம் போகப்போகக் குறைவதாகவும் இருக்கணும் என்று அரசின் வெளிநாட்டு ஆளெடுப்பு நெறிமுறை சொல்கிறது. ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பக்கத்தை யூனியன்காரரிடம் காட்டு. டிரான்ஸ்ஃபருக்கு எழுதும்போது ஐசியூ அனுபவத்தை முதல் வரியிலேயே போடு. எழுதி எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.