ஃபேசெட் மூட்டு வலி: சோதனை ஊசி ஏன் இரண்டு தடவை?

கேள்வி (கோத்தகிரி): அம்மா கொழுந்து பறிப்பவர். பின்னால் சாய்ந்தால் இடுப்பு வலி. எம்ஆர்ஐ ஸ்கேனில் எல்4-எல்5 (இடுப்பின் 4, 5-வது முதுகெலும்புகள்) ஃபேசெட்டில், அதாவது அவற்றைப் பின்பக்கம் இணைக்கும் சிறு மூட்டில், தேய்மானம். மரத்துப்போகும் ஊசி இரண்டு தடவை போடணுமாம். ஒன்று போதாதா?

பதில்: போதாதுங்க. வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் தேய்மானம் தெரியும். ஒரே தடவை போட்டால், வலி வேறெங்கிருந்தோ வந்தாலும் குறைந்ததுபோல் பொய்யான பலன் அடிக்கடி வரும்; இரண்டு தடவையும் குறைந்தால்தான் அந்த மூட்டுதான் காரணம் என்று நம்பலாம். அந்த மூட்டுக்கு எல்3, எல்4 நரம்புக் கிளைகள் இரண்டும் போகின்றன; அவற்றைத்தான் ஊசி மரத்துப்போக வைக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தபடி ஒவ்வொன்றுக்கும் அரை மி.லி. மருந்துதான். கூடினால் பக்கத்து நரம்பும் மரத்து, முடிவு குழம்பிவிடும்.

இன்னொருவர்: ஊசி போட்டதும் அம்மாவைப் படுக்க விடாதீங்க. வலி வரும் அசைவுகளையே செய்யச் சொல்லி, அரை மணிக்கொரு தடவை வலி பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்க. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே டாக்டரிடம் சொல்லணும்.

கேட்டவர்: இரண்டு தடவையும் ஊசி பலித்தால்?

பதில்: ரேடியோ அலைச் சூட்டால் அந்த நரம்புக் கிளைகளைச் சுட்டு, வலி போகாமல் தடுப்பார்கள். 80 டிகிரி, 60–90 விநாடி. நரம்பு மறுபடி வளரும்; 6–12 மாதத்தில் வலி திரும்பலாம், திரும்பவும் செய்யலாம்.